கார் டிஸ்க்கில் துரு: எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது

ஐப்பசி அடைமழைக்கு மறுநாள் காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அலாய் வீல் இடுக்குகளில் தெரியும் கார் பிரேக் டிஸ்க்குகள், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுகள், எல்லாம் காவி பூத்து நிற்கும். அதே மழையில், அதே இடத்தில் நனைந்த பைக்கின் டிஸ்க் மட்டும் பளபளவென்று இருக்கும். பைக்கைவிடப் பத்து மடங்கு விலை கொடுத்த காருக்கா இந்தக் கதி என்று முதல் கார் வாங்கியவர் திகைப்பது நியாயம்தான். அடுத்து அவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். ஷோரூமுக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பார், அல்லது எண்ணெய் டப்பாவை எடுப்பார். முதலாவதால் ஆபத்து ஒன்றுமில்லை. இரண்டாவதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரையில் பாதி.

கார் டிஸ்க் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனது. அந்த இரும்பில் 3 முதல் 3.5 சதவீதம் வரை கரி (கார்பன்) இருக்கும். கரியின் பெரும்பகுதி இரும்போடு கரையாமல், மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கும். பிரேக்குக்கு இந்தச் செதில்கள் இரண்டு வகையில் உதவுகின்றன. வெப்பத்தைச் சட்டென்று கடத்திப் பரப்புகின்றன. அதிர்வை உறிஞ்சி, பிரேக் பிடிக்கும்போது கிறீச்சிடாமல் பார்த்துக்கொள்கின்றன.

வெப்பம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. குறுக்கே மாடு வந்துவிட்டது, நிறுத்துகிறீர்கள். அந்தச் சில நொடிகளில் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய அவ்வளவு ஆற்றல்தான் தேவை. ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது இது வளைவுக்கு வளைவு நடக்கிறது. இந்தச் சூட்டைத் தாங்கவும் பரப்பவும் காற்றில் விடவும், கொடுக்கும் காசுக்கு வார்ப்பிரும்பை மிஞ்சும் உலோகம் இன்னும் கிடைக்கவில்லை.

பைக் டிஸ்க் துருப்பிடிக்காததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் ஏறக்குறைய 12, 13 சதவீதம் குரோமியம் உண்டு. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி இரும்பை மூடிக்கொள்கிறது. ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெப்பத்தைக் கடத்துவது வார்ப்பிரும்பின் பாதியளவுதான். ஆளோடு சேர்த்து 200, 250 கிலோ எடையுள்ள பைக்குக்கு அது போதும், டிஸ்க்கும் வெளியே காற்றில் சுழல்கிறது. சக்கரத்துக்குள் ஒளிந்துகொண்டு ஒரு டன்னுக்கு மேல் நிறுத்த வேண்டிய கார் டிஸ்க்குக்கு அது ஒத்துவராது. ஆகவே கார் கம்பெனி உங்களை ஏமாற்றவில்லை. துருவைப் பொறுத்துக்கொண்டு, நல்ல பிரேக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் ஈரமும் போதும். மழையில் நனைந்தே ஆக வேண்டும் என்றில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உலோகத்தின் மேல் படியத் தொடங்கும். சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இரவு நேரத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அந்தப் படலத்துக்குள் சின்னச் சின்ன மின்கலங்கள் போல ஒரு வேலை நடக்கும்: ஓர் இடத்தில் இரும்பு கரையும், இன்னோர் இடத்தில் ஆக்சிஜன் வினைபுரியும். கடற்காற்றில் வரும் உப்பு அந்தத் தண்ணீரில் மின்சாரம் பாய்வதை எளிதாக்கி, துருவை வேகப்படுத்துகிறது. பிரேக்குக்கு நண்பனான அதே கிராஃபைட் செதில்கள் இங்கே எதிரிக்கு உடந்தை. கிராஃபைட்டும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் கரைவது இரும்புதான்.

இன்னொரு தொல்லை, துரு ஒரு மூடியாக நின்றுவிடுவதில்லை. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு அடியில் இருப்பதைக் காக்கும். இரும்புத் துரு பொரபொரவென்று நுண்துளைகளோடு இருக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடியில் மேலும் அரிக்க வழிவிடும். ஒரு ராத்திரித் துருவும் ஒரு மாதத் துருவும் வேறு வேறு என்பது இதனால்தான்.

ஒரு ராத்திரித் துருவை முதலில் பார்ப்போம். மழையில் நனைந்த, அல்லது தண்ணீர் அடித்துக் கழுவிய டிஸ்க்கில் சில மணி நேரத்திலேயே மெல்லிய செங்காவிப் பூச்சு வந்துவிடும். காலையில் வண்டியை எடுத்து முதல் இரண்டு மூன்று முறை பிரேக் மிதிக்கும்போது சர்ர்ர் என்று உரசும் சத்தம் கேட்கும். பிரேக் கொஞ்சம் முரடாகப் பிடிப்பது போலவும் தோன்றலாம். தெருமுனை தாண்டுவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். பிரேக் மிதிக்கும்போது டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் அந்தப் பூச்சை மழித்து எடுத்துவிட்டது, அவ்வளவுதான். இதற்குச் செலவு செய்யவோ மெக்கானிக்கிடம் ஓடவோ வேண்டியதில்லை. புது கார் ஷோரூமில் ஒரு மாதம் நின்றிருந்தாலும் இதே கோலத்தில்தான் உங்கள் கைக்கு வரும்.

பேட் தொடாத இடங்களும் உண்டு. டிஸ்க்கின் வெளி விளிம்பு, போல்ட் மாட்டும் நடுக்கிண்ணம், இரட்டைத் தட்டு டிஸ்க்குகளில் நடுவே காற்றுப் போகும் இடுக்குகள். இவை ஆயுளுக்கும் துருவோடுதான் இருக்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பிரேக் பிடிப்பதை அது பாதிக்காது. ஒரேயொரு விதிவிலக்கு: விளிம்புத் துரு பல வருடம் சேர்ந்து செதில் செதிலாகத் தடித்தால் பேட்டின் ஓரத்தைத் தொட்டு உரசத் தொடங்கும். பேட் மாற்றும்போது அதைத் தட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆபத்தான துரு வண்டி நகராமல் நிற்கும்போது உருவாகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விட்டு வெகுதூரம் போய்விடாது, ஏறக்குறைய தொட்டுக்கொண்டே இருக்கும். நனைந்த நிலையில் வண்டியை நிறுத்தினால் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொள்ளும். மற்ற இடம் காய்ந்துவிடும், அந்த இடம் மட்டும் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். இரும்புத் தூளும் இரும்பு நாரும் கலந்த செமி-மெட்டாலிக் பேட் என்றால் அதுவும் சேர்ந்து துருப்பிடிக்கும். இரண்டு வாரம் கழித்து வண்டியை எடுக்கும்போது முதலில் நகராது, பிறகு டொக் என்று ஒரு சத்தத்தோடு விடுபடும். அப்போது டிஸ்க்கில் பேட்டின் அச்சு அப்படியே பதிந்திருப்பதைப் பார்க்கலாம்.

அந்த அச்சு லேசானதாக இருந்தால் சில நாள் ஓட்டத்தில் மறைந்துவிடும். ஆழமாக அரித்திருந்தால் குழி விழுந்திருக்கும். குழி விழுந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓரிடத்தில் பிரேக்கை வேறு மாதிரிப் பிடிக்கும், அது பெடலில் துடிப்பாகக் காலுக்குத் தெரியும். பேட்டும் சீக்கிரம் தேயும். இந்தக் கட்டத்துக்கு வந்த டிஸ்க்கை ஓட்டியே சரிசெய்ய முடியாது.

பின் சக்கரங்களிலும் டிஸ்க் உள்ள கார் என்றால் அவற்றின் மேல் கூடுதல் கண் வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பாலான வேலையை முன் டிஸ்க்குகளே செய்கின்றன. பின் டிஸ்க்குகளுக்கு வேலை குறைவு, அதனால் மழிப்பும் குறைவு. உட்பக்கம் பளபளப்பாகவும் வெளிப்பக்கம் துருவாகவும் இருந்தால் அங்கே பிரச்சினை வானிலை கிடையாது. பேட்டுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பர் நகர்ந்து இரண்டு பக்கமும் சமமாக அழுத்த உதவும் கம்பியான ஸ்லைடு பின் இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். பேட் மாற்றும்போதெல்லாம் அந்தப் பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள, வெப்பம் தாங்கும் கிரீஸைத் தடவ வேண்டும். சாதாரணப் பேரிங் கிரீஸைத் தடவினால் அதை மூடியிருக்கும் ரப்பர் உறை ஊதிப்போய், ஸ்லைடு பின் மறுபடியும் சிக்கிக்கொள்ளும். என் கணிப்பில் ‘டிஸ்க் துருப்பிடித்துவிட்டது’ என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் ஸ்லைடு பின் புகார்கள். டிஸ்க்கை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னை அப்படியே விட்டால் புது டிஸ்க்குக்கும் அதே கதிதான்.

இனி தடுப்பது பற்றி. டிஸ்க்கின் துருவை எடுக்க பிரேக்கைவிடச் சிறந்த கருவி கிடையாது. வாரத்துக்கு ஒரு முறையாவது இருபது நிமிடம் வண்டியை வெளியே எடுங்கள். பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு, கொஞ்சம் அழுத்தமாகவே, நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள். நகர நெரிசலில் தொட்டுத் தொட்டு விடுவது பின் டிஸ்க்குகளைச் சரியாகச் சுத்தம் செய்யாது. நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பிரேக்கைப் பொறுத்தவரை அது ஒரு பைசாவுக்கும் பிரயோஜனமில்லை. சக்கரம் சுழன்றால்தான் டிஸ்க்குக்கு லாபம்.

மழையில் ஓட்டிக்கொண்டு வந்தால் வீடு வருவதற்குச் சற்று முன்னால், பாதுகாப்பான இடத்தில், சில முறை மெதுவாக பிரேக்கைத் தொட்டு வாருங்கள். அந்தச் சூட்டில் டிஸ்க் காய்ந்துவிடும். வண்டி கழுவிய பிறகும் அதே மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பளிச்சென்று கழுவி, கவர் போட்டு மூடி, அடுத்த ஞாயிறு வரை தொடாமல் வைப்பவர்கள் தெரியாமலேயே டிஸ்க்கை அரிக்க விடுகிறார்கள். கழுவியதும் கடைத்தெரு வரை ஒரு நடை போய்வந்து பிறகு நிறுத்துங்கள். கவரும் காற்றுப் புகும் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் தரையிலிருந்து கிளம்பும் ஈரத்தையும் உள்ளேயே பூட்டி வைக்கும்.

கழுவும் தண்ணீரையும் யோசிக்க வேண்டும். கடற்கரையோரப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை டிஸ்க்கில் அடித்துக் காயவிட்டால் நீர் போய் உப்பு தங்கிவிடும். கடைசியாக ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். அமிலம் கலந்த வீல் கிளீனர்கள் அலாயைச் சட்டென்று பளிச்சென்று ஆக்கும், டிஸ்க்கையும் அதே சுறுசுறுப்போடு அரிக்கும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது, பயன்படுத்தினால் நன்றாக அலசிவிட வேண்டும்.

வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்களா? தரை சமமாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். மேனுவல் வண்டியை முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ அண்டக் கொடுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’யில் போட்டு, கட்டையும் கொடுக்கலாம். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம் பிரேக்: சுழலும் மூடிய உருளையை உள்ளிருந்து ஷூ என்ற பட்டைகள் அழுத்திப் பிடிக்கும். அதில் ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஒரு மாதம் விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டிகளில் சில, எஞ்சினை அணைத்ததும் தானாகவே பிரேக்கைப் போட்டுவிடும். அதை எப்படி விலக்குவது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவான இடத்தில் மட்டும் இந்த யோசனை எதுவும் வேண்டாம். அங்கே ஹேண்ட்பிரேக் கட்டாயம். ஒட்டிக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உருண்டு போனால் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஒட்டிக்கொண்ட வண்டியை எடுக்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள். முன்னும் பின்னுமாக, கிளட்ச்சில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் பேட்டின் உராய்வுப் பகுதி அதன் இரும்புத் தட்டிலிருந்து பிய்ந்து டிஸ்க்கோடு போய்விடும். அசையவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் சக்கரத்தைக் கழற்றித் தட்டி விடுவிப்பார்.

இப்போது அந்த எண்ணெய் டப்பா. டிஸ்க்கின் உராயும் பரப்பில் எண்ணெயோ கிரீஸோ துரு நீக்கும் ஸ்பிரேயோ படவே கூடாது. தேங்காய் எண்ணெயும் டீசலும் இதில் சேர்த்தி. இரும்புக் கதவுக்கு அது சரி. டிஸ்க் இருப்பதே உராய்வதற்கு. எண்ணெய் பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிரேக் பாதிதான் பிடிக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும். அப்படி ஊறிப்போன பேட்டைக் கழுவிச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவி முடித்ததும் அடிப்பக்கத்தில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. பாடிக்கு அது நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு. சக்கரங்களின் பக்கம் வேண்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ‘கொஞ்சமா அடிக்கிறேன் சார்’ என்றாலும்.

டிஸ்க்கில் பூசத் தகுந்ததும் ஒன்று இருக்கிறது. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சோடு வரும் டிஸ்க்குகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும்போது முழுக்கச் சாம்பல் வெள்ளியாக இருக்கும். உராயும் இடத்தில் பூச்சு முதல் நாளே போய்விடும், விளிம்பிலும் நடுக்கிண்ணத்திலும் இடுக்குகளிலும் நிற்கும். டிஸ்க் மாற்ற வேண்டிய நேரம் வந்து, உங்கள் வீடும் திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரம் என்றால் கூடுதல் விலை தரலாம். மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கு அந்தக் காசு மிச்சம்.

உராயும் பரப்பையே காக்கும் முறைகளும் வந்துவிட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் தன் சில கார்களின் டிஸ்க்குகளை 560 டிகிரி செல்சியஸில் நைட்ரஜனும் கரியும் ஊடுருவும்படி பல மணி நேரம் உலையில் வைத்து, சுமார் 10 மைக்ரான் தடிமனுக்குக் கெட்டித் தோல் உண்டாக்குகிறது. போர்ஷே 2017இல் கயென் காரில் டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கார்பன்-செராமிக் டிஸ்க்குகள் துருப்பிடிக்கவே பிடிக்காது, ஆனால் அவற்றின் விலையில் இங்கே ஒரு சின்ன காரே வாங்கிவிடலாம்.

பேட்டரி கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் இரட்டிப்பு முக்கியம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. பேட் வேலை செய்யும் சந்தர்ப்பமே குறைகிறது. தினமும் ஓடும் காரிலும் டிஸ்க் நின்றுபோன காரின் டிஸ்க் போல ஆகலாம். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்கார்களில் பின்னால் டிரம் பிரேக்குக்கே திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். மூடிய டிரம்முக்குள் மழையும் சேறும் அவ்வளவாகப் போகாது. உங்கள் வண்டியில் மோட்டார் பிரேக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால், வாரம் ஒரு முறை அதை ஆகக் குறைவாக வைத்துக்கொண்டு, மேலே சொன்ன நாலைந்து அழுத்தமான பிரேக்குகளைப் பிடியுங்கள். சில மாடல்களில் டிஸ்க்கைத் துடைப்பதற்கென்றே தானியங்கி ஏற்பாடு உண்டு, கையேட்டில் இருக்கும்.

மாதம் ஒரு முறை, வண்டி ஆறியிருக்கும்போது, போன் டார்ச்சை வீல் இடுக்கில் அடித்துப் பாருங்கள். உட்பக்கத்துக்குப் போனைக் கீழே நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும். ஓட்டிவிட்டு வந்த பிறகும் உராயும் பரப்பில் காவிப் பட்டையோ குழிகளோ மிச்சமிருந்தால் வொர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். குழி ஆழமில்லை என்றால் லேத்தில் சீவிச் சமன் செய்வார்கள். அதற்கு முன்னால் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். இதற்குக் கீழே போகக்கூடாது என்ற குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். பல கார்களில் அது புது டிஸ்க்கைவிட 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் குறைவு. சீவியபின் அதற்குக் கீழே போகும் என்றால் சீவுவது வீண்செலவு, டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும்.

மாற்றினால் முன்னாலோ பின்னாலோ ஒரே அச்சுத்தண்டில் இருக்கும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், பேட்டும் புதிதாகப் போடுங்கள். பூச்சில்லாத புது டிஸ்க் கடையில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் வரும். மாட்டுவதற்கு முன் பிரேக் கிளீனர் அடித்து அதை முழுக்கத் துடைத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வரை, அவசரம் இல்லாதவரை அடித்து பிரேக் பிடிக்காமல், மிதமாகப் பிடித்துப் பிடித்து ஓட்டினால் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படிந்துவிடும்.